எல்லாருமே ஸ்டாண்டர்ட்

வாழப்பாடி செல்வம் தன் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு சேலம் சூரமங்கலத்தில் இருக்கும் என் ரீபோர் பட்டறைக்கு வந்தார். என்ஜினைப் பிரித்தேன். ஒரு பிஸ்டன் உடைந்திருந்தது, மற்றவை சூட்டில் இறுகி, சீஸ் ஆகிக் கோடு விழுந்து கிடந்தன. அந்த டீசல் மாடலைக் கம்பெனி நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஸ்பேர் கடைகளில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

செல்வத்துக்கு அந்த ஒரு வண்டிதான் பிழைப்பு. கல்யாணம், ஆஸ்பத்திரி, பழனி டிரிப்.

"அண்ணே, இது ஓடுமா, இல்ல பழைய இரும்புதானா? நெஜத்தச் சொல்லிடுங்க."

கோயம்புத்தூரில் பிஸ்டன் செய்யும் ஒருவரைப் பிடித்தேன். "ஒரு சைஸ்ல ஆறு செட்டாவது வேணுமுங்க. இல்லீனா கட்டுபடியாகாது" என்றார். அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. சேர்ந்து வாங்கலாம், அவரவர் சைஸைச் சொல்லுங்கள் என்று அதில் போட்டேன்.

என்ஜின் தேய்ந்தால் சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, பெரிய பிஸ்டன் போடுவோம்; அதுதான் ரீபோர். கம்பெனியிலிருந்து வந்தபடி இருந்தால் ஸ்டாண்டர்ட். ஒரு தடவை கடைந்தால் இருபது, மறு தடவை நாற்பது. இந்த என்ஜினுக்கு அதோடு சரி. செல்வம் வண்டி நாற்பது.

முதல் பதில் மோகனூர் நல்லசாமியுடையது. கரும்பு விவசாயி, குரூப்பில் மூத்தவர். "ஸ்டாண்டர்டுங்க. நம்முளுது என்ஜின் தொறக்காத வண்டி." அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் எல்லாருமே ஸ்டாண்டர்ட். செல்வம் மட்டும் தனியாக நாற்பது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அதில் முக்கால்வாசிப் பேருக்கு நாற்பது கடைந்து கொடுத்தவனே நான்தான், நல்லசாமி வண்டி உட்பட. ஆனால் பட்டறையில் பார்த்த சைஸை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம். என்ஜின் திறந்தது என்று தெரிந்தால் வண்டிக்கு மதிப்பு இறங்கிவிடும், ஓனருக்குக் கெத்தும் போய்விடும். தனித்தனியாக போன் போட்டுப் பேசினேன். ஒருத்தரும் அசையவில்லை. ஸ்டாண்டர்ட் செட் வந்தால் அவர்கள் வண்டிக்குச் சேராது, பீரோவில் வைத்துப் பூட்டத்தான் ஆகும். பரவாயில்லையாம்.

அந்த வாரம் வேறு வேலையாக சேலம் வந்த நல்லசாமி, பட்டறைக்கும் எட்டிப் பார்த்தார். செல்வம் தன் வண்டி போல்ட்டுகளை டீசலில் கழுவிக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, நீங்கதானா அது! என்ஜினே தொறக்காம எப்படிங்கய்யா வச்சிருக்கீங்க? என்ன ஆயில் ஊத்துறீங்க? எனக்குத்தான் வண்டி வச்சிக்கத் தெரியல போல."

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். நல்லசாமி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து கிராங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி... வாரேனுங்க" என்று என்னிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

அவர் மோகனூர் போய்ச் சேர்ந்திருக்கக்கூட மாட்டார், குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். "நல்லசாமி பேசறேனுங்க. எங்க வண்டி நாப்பதுங்க. ரெண்டு தடவ தொறந்தாச்சு. ஊட்டுல நான் பேனா போட்டு வெச்சிருக்கறதே அதுல கழட்டுன பிஸ்டன்தான். அந்த வாழப்பாடித் தம்பி வண்டி நிக்கக் கூடாதுங்க."

அடுத்து, "மறந்தே போச்சுங்க, நம்முளுதும் நாப்பது" என்று ஒருவர். அவரைப் பார்த்து இன்னொருவர். ஆறு செட் தாண்டியது. கடைசியில் நிஜமான ஸ்டாண்டர்ட் ஒன்றே ஒன்று, ஒரு ரயில்வேக்காரருடையது. ஒரு செட்டுக்காகச் செய்ய மாட்டார்கள் என்பதால் அவருக்கு மட்டும் பிஸ்டன் வரவில்லை.

பிஸ்டன் வந்து, செல்வம் வண்டி ஸ்டார்ட் ஆனது. அவர் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வாழப்பாடிக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

இப்போது வேறு மாடல்களுக்கும் நான்தான் ஆர்டர் சேர்க்கிறேன். முதல் பதில் எதுவோ, மற்றவர்கள் பதிலும் அதுதான் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதனால் முதல் மெசேஜை நானே போட்டுவிடுகிறேன்: "நம்ம வண்டி நாப்பதுங்க."

எனக்குச் சொந்தமாகக் காரே கிடையாது.