கிருமிக்கு முட்டை கொடுக்கும் அஞ்சலாட்சி

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் வந்து அஞ்சலாட்சி அக்கா வீடு எது என்று கேட்டால், "ஆஸ்பத்திரிக்கு முட்டை குடுக்குறவங்கதானே?" என்று சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில்தான். என் வீட்டை யாரும் கேட்டு வந்ததில்லை.

அஞ்சலாட்சி, பாகூர்ப் பக்கத்திலிருந்து பக்கிரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பக்கிரி அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்கு டி.பி. வந்தபோது துணைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சளிப் பரிசோதனை செய்யும் ஜெஸ்டின், நல்ல முட்டை கிடைப்பதில்லை என்று அலுத்துக்கொண்டார். டி.பி. கிருமியை வளர்த்துப் பார்க்க முட்டை வேண்டுமாம். முட்டையை உடைத்துக் கலக்கி, உப்புகளும் பச்சைச் சாயமும் சேர்த்து, சின்னப் பாட்டில்களில் ஊற்றிச் சாய்த்து வைத்துச் சூடாக்குவார்களாம். இறுகியதும் அதன்மேல் கிருமி வளருமாம். கோழிக்கு மருந்து கொடுத்திருந்தால் அது முட்டையிலும் இறங்கி, கிருமியை வளரவிடாதாம். நோய் இருப்பவருக்கும் இல்லை என்று வந்துவிடுமாம்.

எங்கள் வீட்டிலும் கோழிகள் இருந்தன. சொல்ல நினைத்தேன். அதற்குள் அஞ்சலாட்சி, "எங்கூட்டுக் கோழி மருந்தக் கண்ணால பாத்ததில்ல தம்பி. எடுத்தாந்து தரட்டுமா?" என்றாள்.

அவ்வளவுதான். பக்கிரி அண்ணன் குணமாகி வண்டி எடுத்த பிறகும் ஜெஸ்டினின் ஸ்கூட்டர் அவள் வாசலில் வந்து நின்றது. என் கோழிகளின் முட்டை அவளுடையதைவிடப் பெரிது. யாரிடம் போய்ச் சொல்வது?

கூடையில் தவிடு பரப்பி அவள் முட்டை அடுக்குவதை மதிலுக்கு இப்பால் நின்று பார்ப்பேன். மீன்காரியிடம், "என் முட்டைய மனுசன் திங்கறதில்லடி, கிருமிதான் உக்காந்து திங்குது" என்பாள். தெருவே சிரிக்கும். அதையே நான் சொன்னால் யார் சிரிப்பார்கள்?

போன மழையில் அவள் கோழிகளுக்குச் சளி பிடித்து, கொர்கொர் என்று இழுத்தன. கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து பொடி வாங்கிவந்து தண்ணீரில் கலக்கினாள். பார்த்துக்கொண்டேன். அவள் அதை மறைத்து முட்டையை எடுத்துக் கொடுத்தால், அன்றைக்காவது என் வாய் திறக்கும் என்று காத்திருந்தேன். அவள் மறைக்க வேண்டும் என்றுதான் என் மனது கிடந்து தவித்தது.

ஸ்கூட்டர் நிற்பதற்குள் அவள் கத்தினாள்.

"தம்பி, எறங்காத! கோழிக்கு மருந்து குடுத்துட்டேன்."

"ஐயோ, இன்னைக்கு முட்டை இல்லாம முடியாதேக்கா. எங்க போவேன்?"

"இதோ நிக்கிறாளே வேளாங்கண்ணி. அவ கோழிங்களுக்கு ஒரு நோவும் வரல, ஒரு மருந்தும் குடுக்கல. நான்தான் தெனம் பாக்குறேனே. ஏய் வேளா, என்னாடி முழிக்கிற? எடுத்தாந்து குடு!"

அவளும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். முட்டையைக் கொடுத்தேன். ஜெஸ்டின் அவளுக்குத்தான் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சில வாரங்கள் கழித்து என் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. "உங்க முட்டையில கிருமி அருமையா வளந்திருக்குக்கா. இனிமே உங்ககிட்டயும் வாங்கிக்கிறோம்" என்றார் ஜெஸ்டின்.

எத்தனை நாள் ஆசை! கூடை எடுக்கத் திரும்பினேன். மதிலுக்கு அப்பாலிருந்து அஞ்சலாட்சி, "பாத்தியா, நான் சொன்னன்ல!" என்று கைதட்டிக் குதித்தாள். எனக்கு முன்னால் அவள் சந்தோஷப்பட்டு முடித்துவிட்டாள்.