வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடுபாதை

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மாடு வளர்க்கும் ஆர்லன் குபிக்குக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. தீவனம் வாங்கினால் மூட்டையைத் தன் தராசில் இன்னொரு தடவை நிறுப்பார். மழை வரும் என்று ரேடியோ சொன்னால், அப்படிச் சொல்வதில் அவர்களுக்கு என்ன லாபம் என்று யோசிப்பார். அப்பேர்ப்பட்டவருடைய வேலியை ஒட்டித்தான் பக்கத்து நிலத்துக்காரி டோரீன் ஹாஸ்கல் தன் குதிரைமசால் தீவன வயலை அழித்து மட்டப்படுத்தத் தொடங்கினாள்.

பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்களை இருபது வருஷம் பழுதுபார்த்தவள் அவள். சொந்தமாக ஒரு சின்ன விமானம் வாங்கியிருப்பதாகவும், அது இறங்க அரை மைல் புல்தரை வேண்டும் என்றும் ஊரில் சொல்லியிருந்தாள்.

"விமானமாம்! பத்து நிமிஷத்துல டவுனுக்குப் போயிடலாம், இவளுக்கு எதுக்கு விமானம்?" என்றார் ஆர்லன்.

"ஆசையா இருக்கும்," என்றாள் மனைவி மார்வெல்.

"ஆசைக்கு எவளாவது விளையுற நிலத்தை அழிப்பாளா? கடத்தல் சரக்கா இருக்கும். இல்லன்னா நிலத்தை வளைக்கப் பாக்குற பன்னிப்பண்ணைக்காரன் எவனோ பின்னால நிக்கிறான்."

போலீஸ் அதிகாரியான ஷெரீஃபுக்குப் போன் செய்தார். ஷெரீஃப் வந்து சுற்றிப் பார்த்தார். டோரீன் சுட்டுத் தந்த ஆப்பிள் பலகாரத்தைத் தின்றுவிட்டுப் போனார். "அவனையும் வளைச்சுட்டா," என்றார் ஆர்லன்.

அன்றுமுதல் காலையில் பிக்கப் வண்டியை வேலியோரம் நிறுத்திக் காவல் இருந்தார். டோரீன் கல் பொறுக்கினாள், உருளை ஓட்டினாள், புல் விதைத்தாள்.

"சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க ஆர்லன், இறங்கி நாலு கல்லு பொறுக்கினா என்னவாம்?" என்று ஒருநாள் கத்தினாள். அவர் வண்டியின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஓடுபாதை தன் நிலத்துக்குள் வந்திருக்குமோ என்று அடுத்த சந்தேகம். பழைய பத்திரத்தை எடுத்துப் போய் எல்லைக்கல்லிலிருந்து அளவுநாடா பிடித்தார். மூன்று தடவை அளந்தார். பாதை சரியாகத்தான் இருந்தது. அவர் தாத்தா போட்ட வேலிதான் டோரீனின் நிலத்துக்குள் பன்னிரண்டு அடி தள்ளி நின்றது.

இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவளிடம் போய் நின்றார்.

"வேலி... பன்னண்டு அடி உன் பக்கம் இருக்கு."

"தெரியும். மார்ச் மாசமே சர்வேயர் சொல்லிட்டாரு."

ஆர்லனின் கண்கள் சுருங்கின. "தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?"

"தகராறு வேணாம்னுதான். உங்ககிட்ட ஒரு உதவி வேற கேக்கணும். பாதை முனையில உங்க பாப்லர் மரம் ரெண்டு நிக்குதுல்ல? அது இருந்தா விமானம் இறங்க முடியாது."

"பாத்தியா! ஏதோ இருக்குன்னு அப்பவே நெனச்சேன்." பல வாரங்களுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்தது.

மரங்களை அவரே வெட்டினார். அவளிடம் விட்டால் மூன்றாவதையும் சாய்த்துவிடுவாளாம். வேலியை இருவரும் சேர்ந்து நகர்த்தினார்கள்.

இலையுதிர் காலத்தில் மஞ்சள் விமானம் வந்து இறங்கியது. ஆர்லன் அதை இரண்டு முறை சுற்றி வந்து, சக்கரத்தை உதைத்துப் பார்த்தார்.

"இன்ஜினை யாரு பாத்தது?"

"நான்தான். ஏறுங்க."

"அதான் யோசிக்கிறேன்."

மார்வெல் ஏறிக்கொண்டாள். அவள் பத்திரமாக இறங்கும்வரை ஆர்லன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"மேலேருந்து என்ன தெரிஞ்சுது?"

"எல்லாமே தெரியுது. அடுத்த பண்ணை லிண்ட்க்விஸ்டோட கொட்டகைக்குப் பின்னால ஏதோ புதுசா கட்டறாங்க."

"என்ன கட்டறான்?"

"அதெல்லாம் நான் பாக்கல."

அடுத்த சனிக்கிழமை காலையில் ஆர்லன் கழுத்தில் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு தானாகவே போய் டோரீனின் கதவைத் தட்டினார்.