ஒற்றைக் கோடு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோதுதான் அந்த சைட் இன்ஜினியர் பெண்ணைச் சந்தித்தேன். முக்காட்டுக்கு மேல் மஞ்சள் ஹெல்மெட், கையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல். ஆய்வுப் பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் அழிக்கவே மாட்டார். ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து வைப்பார்.

அந்தப் பதிவுகளைக் கணினியில் திருத்துவதற்கான ஏபிஐ என்ற மென்பொருள் இணைப்பு ஒன்றுக்கு விளக்கக் கையேடு எழுதுவது என் வேலை. எழுதியதை அவரிடம் காட்டினேன். ‘புதிய பதிவு வந்ததும் பழையது நீங்கிவிடும்’ என்ற வரியில் அவர் விரல் நின்றது.

“இன்னா சார் இது? மூணாவது தூண் மொதல்ல ஃபெயிலு. ஒடச்சிக் கட்னப்புறம்தான் பாஸாச்சு. பழசு போய்ட்டா, ஒடச்சிக் கட்னதே யாருக்கும் தெரியாதே?”

“கம்ப்யூட்டர்ல அப்படித்தான் மேடம்.”

“அப்போ கம்ப்யூட்டர மாத்துங்க.”

எங்கள் புரோகிராமர்கள் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார்கள்.

அவர் திருப்பித் தந்த கையேட்டுப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வரியின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் அவர் கையெழுத்து. கோட்டுக்கு அடியில் என் தவறு இன்றைக்கும் தெளிவாகத் தெரிகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏனோ எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.