வாளி, செருப்பு, குடை

பல்லேபொலவுக்கு மேலே இருக்கும் மிளகுத் தோட்டத்தில் அழகம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். எண்பத்தெட்டாம் ஆண்டில் முப்பத்தெட்டு வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வாங்கித் தந்ததும் அந்த வாய்தான்.

அதுவரை தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளுக்கு, மலை ஊற்றுத் தண்ணீர் விழும் ஒரே ஒரு பீலி. மழையில் கைத்தடிமனாகக் கொட்டும், வெயிலில் நூலாக ஒழுகும். விடியும்போதே அதன் முன்னால் வரிசை நிற்கும். ஆட்கள் அல்ல, சாமான்கள். வீட்டுக்கு ஒரு வாளி, ஒரு செருப்பு, ஒரு ஓட்டைக் குடை.

குடிநீர்த் திட்டம் போட மாத்தளையிலிருந்து சுந்தரலிங்கம் என்ற அதிகாரி வந்தார். எந்த இடத்தில் எத்தனை வீடு, தாங்கியில் எவ்வளவு தண்ணீர், யாருக்கு முதலில் என்று கணக்குப் போடுவது அவர் வேலை. லயத்தாருக்குப் பிரஜாவுரிமை இல்லை, வாக்காளர் பட்டியலில் பெயரும் இல்லை. ஆகவே அவர் தாளில் அந்த இடத்தில் பூச்சியம்.

"ஏங்கய்யா, பூச்சியத்துக்குத் தாகம் எடுக்காதுங்களா?" என்று அழகம்மா கேட்டாள். மனிதருக்கு வெட்கமாகிவிட்டது. பீலிக்கே வந்து எண்ணுவதாகச் சொன்னார்.

மறுநாள் வந்தவர், வரிசையில் கிடந்ததை எல்லாம், சாமானுக்கு ஒரு வீடு என்று, ஒன்று விடாமல் எண்ணினார்.

"நூத்திப் பதினாலு வீடா!"

லயமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வீடு கூடினால் குழாயும் பெரிசாக வரும் என்று பக்கத்து வீட்டுத் தங்கம்மா கிசுகிசுத்தாள். அழகம்மாவும் தலையாட்டினாள். சுந்தரலிங்கமோ பேனாவை மூடினார்.

"தாங்கி இவ்வளவு பேருக்குப் பத்தாது. இந்தத் தோட்டத்த திட்டத்துல இருந்து வெட்டத்தான் வேணும்."

அழகம்மா பாய்ந்து போய் வழியை மறித்தாள்.

"வெட்டிப்புடாதீங்கய்யா! வீடு முப்பத்தெட்டுதான்! அந்தச் செருப்பு எங்க ஊட்டுது, அந்தக் குடையும் எங்க ஊட்டுது!"

"அப்ப ஏன் மூணு?"

"வாளி குடிக்க, சமைக்க. செருப்பு குளிக்க. குடை துணி தொவைக்க. பீலி கொறஞ்சா மொதல்ல எல்லா ஊட்டுக் குடையயும் எடுத்துருவோம். இன்னும் கொறஞ்சா செருப்ப. வாளிய மட்டும் எவனும் தொட முடியாதுங்க, கங்காணியா இருந்தாலும்!"

சுந்தரலிங்கம் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆறு மாசமா ஆபீஸ்ல மண்டைய ஒடைச்சிக்கிறோம். நீங்க செருப்ப வச்சே முடிச்சிட்டீங்களே!"

பூச்சியத்தை அடித்துவிட்டு முப்பத்தெட்டு என்று எழுதினார். தட்டுப்பாடு வந்தால் எதை முதலில் குறைப்பது என்ற பக்கத்திலும் லயத்து ஒழுங்கையே எழுதிக்கொண்டார்.

குழாய் அடுத்த வருஷம் பங்குனி வெயிலில் வந்தது. பீலி நூலாகி, குடையும் செருப்பும் வரிசையை விட்டுப் போய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. முதல் வாளி அழகம்மாவுக்குத்தான் என்பதில் யாருக்கும் பேச்சில்லை. அவள் குடிப்பாள் என்று எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவள் வாளியை இரண்டு கையாலும் தூக்கி, கட்டிய சேலையோடு, தன் தலையில் கவிழ்த்தாள்.

"அடியாத்தே!" என்று தங்கம்மா அலறினாள்.

"இன்னொரு வாளி புடிடீ," என்றாள் அழகம்மா, முடி சொட்டச் சொட்ட. "இப்ப ஊத்துனது செருப்புக்கு. குடைக்கு இன்னும் பாக்கி கெடக்கு!"