ஜீயபுரத்துச் செல்லம்மா

அந்த வருஷம் ஸ்ரீரங்கத்தில் காலரா பரவியது. எங்கள் தெருவிலேயே சிலர் இறந்துபோனார்கள். ஆனாலும் தடுப்பூசி போட வந்தவர்களைக் கண்டால் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஊசி போட்ட அன்றே ஜீயபுரத்தில் செல்லம்மா என்ற பெண் செத்துவிட்டாளாம்.

“நம்ம குழந்தைக்கு ஊசி வேண்டாம்” என்றார் என் கணவர்.

“அவ செத்ததை யாருங்க பார்த்தது?”

“ஊரே சொல்லுது. நீ என்ன புதுசா கேக்கறே?”

அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். பார்த்தவர் ஒருவரும் இல்லை. மகளின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை, கணவர் தடுத்தும் கேளாமல் ஜீயபுரத்துக்கு ரயிலேறினேன்.

விசாரித்துப் போன வீட்டு வாசலில் ஒரு பெண் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“செல்லம்மா வீடு இதுதானுங்களா?”

“நான்தாங்க செல்லம்மா.”

விஷயத்தைச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஊசி போட்டதுல கை வலிச்சுது, காய்ச்சல் அடிச்சுது. அதுக்குள்ள கொன்னுட்டாங்களா?”

“எங்க தெருவுக்கு ஒரு நடை வரீங்களா?” என்று கேட்டேன். உடனே கிளம்பிவிட்டாள்.

மாலையில் அவளை எங்கள் தெருவில் நிறுத்தி, இவள்தான் அந்தச் செல்லம்மா என்றதும் கதவுகள் திறந்தன. அடுத்த முறை ஊசி போட வந்தபோது முதலில் கை நீட்டியவர் என் கணவர்தான்.

என்னைக் கெட்டிக்காரி என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால் ரயிலில் போகும்போது நான் ஒரு முடிவு எடுத்திருந்தேன். செல்லம்மா உண்மையிலேயே இறந்திருந்தால், அதையும் அப்படியே தெருவில் வந்து சொல்லியிருப்பேன். அந்த உறுதிதான் எனக்குப் பெருமை.