திராட்சைப் பந்தலுக்குக் கீழே உறங்கிய பகல்

சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் அப்போது காலண்டர் சீசன். தேனிப் பக்கம் ஓர் ஒயின் பண்ணை. அவர்களுடைய பாட்டில்களுக்கு லேபிள் அடித்துக் கொடுப்பது நாங்கள்தான். அறுவடைத் திருவிழாவுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. முதலாளிக்கு வேறு சோலி. "நீயும் மெஷின்காரரும் போயிட்டு வாங்க. மேடையில மரியாதை பண்ணுவாகளாம்" என்று சொல்லிவிட்டார்.

அடித்து வரும் தாளைச் சரிபார்ப்பது என் வேலை. கலர் விலகினதையும் எழுத்து மங்கினதையும் கழித்துப் போடுவேன். அந்த வாரம் பூராவும் பகல் வேலையோடு இரவு ஷிப்டும் சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் படுத்துக் கிடக்கலாம் என்றிருந்தேன். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அதிகாலையில் வேன் ஏறினோம். மெஷின்காரர் விருதுநகர் பாய். எனக்கு அண்ணன் மாதிரி. ஒயின் வாடையே ஆகாத மனிதர்.

"உங்களுக்கு அங்க என்ன சோலிண்ணே?"

"நம்ம அடிச்ச லேபிள் பாட்டில்ல எப்படி இருக்குன்னு ஒரு தடவ பாக்கணும்ல, தங்கச்சி."

பண்ணை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். சென்னை, பெங்களூர் கார்கள் வரிசையாக நின்றன. பெரிய மரத்தொட்டியில் கறுப்புத் திராட்சையைக் கொட்டி, விருந்தாளிகள் காலைக் கழுவிக்கொண்டு இறங்கி மிதித்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு அதிர்ந்தது. எனக்குத் தலை கனத்தது. அண்ணன் மேசையில் இருந்த பாட்டில் ஒன்றை எடுத்து லேபிளைத் தடவிப் பார்த்தார்.

"ஒட்டுனதுதான் கோணல். கலரு நல்லா நிக்கிது" என்றார்.

தலையாட்டினேன். எழுத்தெல்லாம் கண்ணில் ரெண்டு ரெண்டாகத் தெரிந்தது.

மேடைக்கு இன்னும் நேரமிருக்கிறது என்றார்கள். தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நடந்தேன். பந்தலுக்கடியில் வெயிலே இல்லை. பெண்கள் கத்தரியால் குலைகளை நறுக்கிப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்திக்கு என் வயசு இருக்கும்.

"விழாவுக்கு வந்தவுகதான? இங்கன வந்து நிக்கிறீக?"

"காலு வலிக்கி. செத்த உக்காந்துக்கிறேன்."

அவள் காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள். உட்கார்ந்து கல்தூணில் சாய்ந்தேன். அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கீழே ஒரு சாக்கில் படுத்திருந்தேன். தலைக்கு யாரோ துண்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். சுற்றிலும் பந்தல் மொட்டையாகக் கிடக்க, எனக்கு மேலே மட்டும் குலைகள் அப்படியே தொங்கின. அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"கத்தரிச் சத்தத்துல முழிச்சிருவீகன்னு இம்புட்டையும் விட்டு வச்சோம்" என்றாள்.

"மேடையில..."

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு."

வெட்கமாக இருந்தது. எழுந்து, அவள் மிச்சக் குலைகளை நறுக்க நறுக்க நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அண்ணன் கையில் ரெண்டு சால்வையோடு வந்தார்.

"உன் பேர மைக்குல கூப்பிட்டாக. நான்தான் சேத்து வாங்குனேன்."

"என்னைத் தேடலயாண்ணே?"

"தேடி வந்தேன். அசந்து உறங்குன. வாரம் பூராம் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். எழுப்ப மனசு வரல."

எத்தனையோ வருஷ வேலையில் என் பேரை யாரும் மைக்கில் கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட அந்த ஒரு நாளிலும் என் காதில் விழவில்லை. என் சால்வையை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் கல்லுப்பட்டியில் டீக்கு நிறுத்தினார்கள்.

"கோவமா தங்கச்சி?" என்று அண்ணன் கேட்டார்.

"இல்லண்ணே" என்றேன். நிஜமாகவே இல்லை. உடம்பு வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு டீ நாக்கில் ருசித்தது. இன்னொரு கிளாஸ் சொன்னேன்.