ஷிப்ட் பார்த்து நின்ற வைஃபை

"அந்த சார் எழுதியே குடுத்துட்டாரு. இன்னொரு வாட்டி கம்ப்ளைண்ட் வந்துச்சுன்னா நீ கடைக்கு வராத." ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளி எனக்குச் சொன்ன வணக்கம் இது. நெய்வேலி டவுன்ஷிப்பில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்கு நான் வந்து அப்போது இரண்டாவது வருடம். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

அந்த சார் ஒரு ஆபீசர். அவர் குவார்ட்டர்ஸில் பழைய டெஸ்க்டாப் ஒன்று லினக்ஸ் போட்டு சர்வராக ஓடியது. வீட்டிலுள்ள போன், லேப்டாப் எல்லாவற்றுக்கும் நெட்டில் சேரத் தேவையான எண்ணை, அதாவது ஐ.பி. அட்ரஸை, கொடுப்பது அந்த சர்வர்தான். ஒரு வீட்டில் அந்த வேலையை ஒரே ஒரு மெஷின்தான் செய்ய வேண்டும் என்பதால் வைஃபை ரவுட்டரில் அதை நானே ஆஃப் செய்திருந்தேன்.

முதல் வாரம் சாயங்காலம் நெட் நிற்கும். நான் மறுநாள் காலையில் போனால் ஓடும். அடுத்த வாரம் காலையில் நிற்கும். சாயங்காலம் போனால் ஓடும். மூன்று தடவை அலைந்தேன்.

"நீ இருக்கறப்ப ஓடுது, கேட்டைத் தாண்டுனா நின்னுடுது. திரும்பத் திரும்ப கூப்பிடணும்னே ஏதோ பண்ணி வச்சிட்டுப் போறியா?" என்று தன் மனைவி, மகள் முன்னால் சார் கேட்டார். படித்த மனிதர் கேட்கிற கேள்வியா இது?

அந்த ஞாயிறு கடையிலிருந்து நேராக அங்கே போனேன். முதல் முறையாக என் கண்ணெதிரே நெட் நின்றிருந்தது. நடப்பதையெல்லாம் நேரத்தோடு சர்வர் எழுதி வைக்கும் பதிவை, அதாவது லாக்கை, திறந்தேன். முதல் நாளே திறந்திருக்க வேண்டும். ரவுட்டரையே ரீசெட் செய்துகொண்டிருந்தது என் மடத்தனம். சர்வர் கொடுக்காத அட்ரஸோடு போன்கள் வந்து நின்றிருந்தன. வேறு ஏதோ ரவுட்டர் நடுவில் புகுந்து அட்ரஸ் கொடுக்கிறது! அந்த அட்ரஸை வாங்கினால் நெட் வராது. நேரத்தைக் குறித்துப் பார்த்தேன். முதல் வாரம் பிற்பகல் இரண்டரைக்கு மேல். இந்த வாரம் காலையிலிருந்து பகல் ஒன்று வரை. மெஷினுக்கு ஏது ஷிப்ட்? ஷிப்ட் பார்க்கிற மனுஷன் யாரோ பின்னால் இருக்க வேண்டும்.

"பக்கத்து குவார்ட்டர்ஸ்ல யாரு சார்?"

"மைன்ஸ் ஆபரேட்டரு. ஷிப்ட் டூட்டி. ஏன்?"

கொல்லைப்பக்கம் போனேன். பாத்ரூம் ஜன்னல் வழியாக ஒரு லேன் கேபிள் வெளியேறி, துணிக்கொடியோடு கட்டப்பட்டு, காம்பவுண்டைத் தாண்டிப் போனது.

"அதா? ரெண்டு வாரம் முன்னாடி நெட் கேட்டாருன்னு குடுத்தேன். அவரு வூட்ல புது ரவுட்டர் மாட்டி வச்சிருக்காரு. டூட்டிக்குப் போறப்ப ஆஃப் பண்ணிட்டுத்தான் போவாரு."

"புதுசா எதாவது மாட்டுனீங்களான்னு மூணு வாட்டி கேட்டேனே சார்!"

"நம்ம வூட்ல எதுவும் மாட்டலியேப்பா."

பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்து, சார் வீட்டு ரவுட்டரிலிருந்து அந்தக் கேபிளைப் பிடுங்கினேன். ரெண்டு நிமிஷத்தில் வீடு முழுக்க நெட் வந்தது.

"எங்க முதலாளிக்குப் போன் பண்ணி, தப்பு என்னோடது இல்லன்னு சொல்லுங்க சார்."

"அதான் சரியாயிடுச்சே, விடு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

கேபிளை மறுபடியும் சொருகினேன். கொஞ்ச நேரத்தில் உள் அறையிலிருந்து மகள் "அப்பா, நெட்டு!" என்று கத்தினாள்.

"அப்ப ரிப்பேரையும் நாளைக்கே பாத்துக்கலாம் சார்" என்று நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவர் முகம் கறுத்தது. போனை எடுத்தார். "தப்பு எங்க பக்கம்தாங்க. அந்தத் தம்பி மேல ஒண்ணும் இல்ல" என்று அவர் சொல்லி முடித்த பிறகுதான் எழுந்தேன். பக்கத்து வீட்டுக்குப் போய் அந்த ரவுட்டரையும் அட்ரஸ் கொடுக்காதபடி முறையாக செட் செய்து கொடுத்தேன். அவருக்குப் பாவம், ஒன்றும் தெரியாது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் லாக்கைப் பாருங்கள். அப்புறம் வீட்டைச் சுற்றி ஒரு நடை போங்கள். உங்கள் மேல் பழி போட்டவர் அதைத் தன் வாயால் திரும்ப எடுத்துக்கொள்ளும் வரை டூல் பேகை மூடாதீர்கள்.